பின் சீட்டில் துரை

“வித்துடறேன், நவமணி. சத்தியமா வித்துடறேன்!”

அப்பா நெஞ்சில் கைவைத்து அறிவித்தார். விற்கப்போவது அவர் ஆறு வருஷம் தட்டிக்கொட்டிப் புதுசாக்கிய பழைய இங்கிலாந்து சொகுசுக் காரை. தோல் சீட்டு, பளபளக்கும் மரப்பலகை, வெள்ளைக்காரன் மாதிரி நீண்ட மூக்கு. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்துத் துரை அதில்தான் வருவாராம். தூரத்தில் அது தெரிந்ததும் என் கொள்ளுத்தாத்தா சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாய் நிற்கவேண்டுமாம். அதே காருக்கு இன்று பேரன் பாலிஷ் போடுகிறார்.

“அடிமைப் புத்தி இல்லையா அப்பா?” என்று கேட்டேன்.

“பாரம்பரியம்டி, தேவகி.”

யாருடைய பாரம்பரியம்? கேட்டால், துணிதான் இன்னும் வேகமாக ஓடும். நான் சிந்தோக் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறேன். பதில் வராத கேள்விகளை விட்டுவைப்பது எனக்குப் பழக்கமில்லை.

அம்மாவின் வழக்கு வேறு. பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டு முகப்பில் ஒரே ஒரு கார் நிற்கும் போர்ச். அதில் அப்பாவின் துரை காடி. அம்மா வேலைக்கு ஓட்டும் சின்ன மைவி கார் தெருவில். குப்பை லாரி அதை இரண்டு தடவை உரசிவிட்டது.

“என் காடி உள்ள வரணும். இல்லாட்டி நீங்க அந்தக் கார்லயே குடியிருங்க. சோறும் அதுலயே ஆக்கிக்குங்க.”

அப்பா கைப்பேசியில் விளம்பரம் போட்டார். படம் மங்கலாக, விவரம் இரண்டே வரியில். நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் வந்தவர் திகாம் பத்து ஊர்க்காரர் புவனேசன். கல்யாணத்துக்குக் கார் வாடகைக்கு விடுகிறாராம். ரோஸ் பெயிண்ட் அடிப்பாராம். அப்பாவுக்கு முகம் சுண்டியது. புவனேசன் பக்திமான். சக்கரத்துக்கு ஒன்றாக நசுக்க நாலு எலுமிச்சம்பழம் கையோடு கொண்டுவந்திருந்தார்.

“நாலு பத்தாது தம்பி. அஞ்சு வேணும்,” என்றார் அப்பா.

“சக்கரம் நாலுதானேண்ணே?”

“பின் சீட்டுல ஒருத்தர் உக்காந்திருக்காரே.”

புவனேசன் எட்டிப் பார்த்தார். ஆள் இல்லை. சுருட்டு வாசனை மட்டும் வந்தது.

“துரை,” என்றார் அப்பா, குரலை இறக்கி. “இன்னும் இறங்க மாட்டேங்கறாரு.”

நான் பொங்கினேன். “பேயாவது பிசாசாவது! ஆதாரம் எங்க?”

“படிச்ச பிள்ள அப்படித்தான் பேசும், தம்பி. போன வாரம் காய்ச்சல்ல கெடந்துச்சு.”

புவனேசன் எலுமிச்சம்பழத்தைக்கூட எடுக்காமல் ஓடினார். அடுத்து வந்த இருவரும் அப்படியே. மூன்றாவது ஆளிடம் சொன்ன கதையில் துரைக்குத் தொப்பியும் ஒரு நாயும் சேர்ந்திருந்தன. சாம்பல் கிண்ணத்தில் பாதிச் சுருட்டைக் கண்டுபிடித்தேன். புகையே பிடிக்காத அப்பா குளியலறையில் இருமிக்கொண்டிருந்தார். அம்மாவிடம் ஓடிப்போய் ஒப்பித்தேன்.

“தெரியும். உங்கப்பா பொய் சொன்னா கேக்க நல்லாத்தான் இருக்கு. விடு,” என்றார் அம்மா. அப்புறம் அப்பாவின் கைப்பேசியைக் கொஞ்சம் எடுத்துவரச் சொன்னார்.

சனிக்கிழமை காலை குணசுந்தரி அக்கா வந்தார். பழைய எஸ்டேட் பங்களா ஒன்றைச் சுற்றுலா விடுதியாக நடத்துபவர்.

“வணக்கம்ணே. பேய் காடி இதுதானே?”

அப்பா விழித்தார். “யாரு சொன்னா?”

“விளம்பரத்துலயே இருக்கே லா. ‘பின் சீட்டில் துரையின் ஆவி. உரிமையாளரே நேரில் பார்த்தது.’ எங்க பங்களாவுக்கு வர்றவங்க எல்லாம் பேய் எங்க, பேய் எங்கன்னு உயிர வாங்குறாங்க. கட்டடம் இருக்கு, துரைதான் இல்ல. நீங்க போட்ட விலைக்கே எடுத்துக்கிறேன்.”

“ஐயோ தங்கச்சி, அதெல்லாம் சும்மா! பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. சுருட்டு கொளுத்தினதே நான்தான்!”

அம்மா காப்பித் தட்டோடு வெளியே வந்தார். “பேய் இல்லையா?”

“இல்லவே இல்ல! தேவகியக் கேளு. படிச்ச பிள்ள!”

“நல்லதாப் போச்சு. புவனேசன் நேத்துகூட போன் பண்ணாரு. பேய் இல்லன்னு அண்ணன் வாயால சொன்னாப் போதும், உடனே எடுத்துக்கிறேன்னாரு. ரோஸ் பெயிண்ட் வாங்கி வச்சிட்டாராம்.” அம்மா எண்ணைத் தட்ட ஆரம்பித்தார். “கூப்பிடவா?”

அப்பா என்னைப் பார்த்தார். மூன்று வாரமாக இதே அப்பாவிடம் பேய் கிடையாது என்று வாதாடியவள் நான். இப்போது எந்தப் பக்கம் வாதாடினாலும் தீர்ப்பு ஒன்றுதான். வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டேன்.

“இ... இருக்காரு,” என்றார் அப்பா. “துரை இருக்காரு.”

குணசுந்தரி அக்கா கையைத் தடவிக்கொண்டார். “நீங்க சொல்றப்ப எனக்கே சிலிர்க்குதுண்ணே! சனி, ஞாயிறு வந்து இப்படியே சொல்றீங்களா? காக்கி உடுப்பு நான் தைச்சுத் தர்றேன். பின் கதவத் திறந்து ஒரு சலாம் வச்சாப் போதும்.”

“அப்பா! வெறும் சீட்டுக்கா சலாம் வைப்பீங்க?” என்று கத்தினேன்.

“காடிய நான்தானே தொடைப்பேன்?” அவர் அக்காவிடம்தான் கேட்டார். பிறகு கொஞ்சம் நிமிர்ந்து, அம்மா தடுப்பார் என்ற நம்பிக்கையோடு, “நவமணி, வாரக் கடைசியில நான் வீட்ல இருக்க மாட்டேனே?” என்றார்.

அம்மா அதற்குள் தெருவில் மைவியைக் கிளப்பியிருந்தார்.

“துரைய முதல்ல வெளிய எடுங்க. என் காடிய உள்ள விடணும்.”