கேரவனில் ஒரு காலேஜ் வேட்டை

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, காஞ்சிபுரம் செவிலிமேட்டில் தெருவே கேட்கும்படி உதயகுமார் ஒரு வார்த்தை விட்டுவிட்டார்.

"எம்பொண்ணு அபிநயா எந்த ஊர்ல வேணாலும் படிக்கட்டும். நான் தடுக்கவே மாட்டேன்!"

எதிர்வீட்டுக்காரரிலிருந்து தண்ணீர் கேன் போட வந்தவர் வரை கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் உதயகுமாருக்குத் தான் சொன்னது உறைத்தது. ஒரே பெண். காலையில் அவள் வாசலுக்கு வந்து டாட்டா காட்டாவிட்டால் அவருடைய ஸ்கூட்டர்கூட ஸ்டார்ட் ஆகாது. அவளை வெளியூர் ஹாஸ்டலில் விடுவதா? அவரைப் பொறுத்தவரை உலகத்திலேயே உயர்ந்த கல்லூரி எதுவென்றால், டவுன் பஸ்ஸில் போய்விட்டு சாயங்காலம் டிபனுக்கு வீட்டுக்கு வந்துவிடக்கூடிய கல்லூரிதான். அப்படி ஒன்று காஞ்சிபுரத்திலேயே இருந்தது.

ஆனால் சொன்னது சொன்னதுதான். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக் கடை வைத்திருப்பவர். புடவை விலையைக் குறைத்தாலும் குறைப்பார், சொன்ன சொல்லைக் குறைக்க மாட்டார்.

மனைவி கமலவேணி வேறு எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

"ஹாஸ்டல்ல போட்டுடலாங்க. வேலூரு, திருவண்ணாமலை, சிதம்பரம், மூணும் நல்ல ஊரு. என்ன, நேர்ல போய் பாக்கணும். அதுக்கு நீங்க கடைய விட்டுட்டு வரணும். உங்களால எங்க முடியப்போவுது?"

"ஏன் முடியாது?"

"இருபது வருஷமா முடியலையே, அதான் கேட்டேன்."

"நாலு நாள் கடைய நம்ம கடைப் பையன் முத்துக்குமார் பாத்துப்பான். குடும்பத்தோட போறோம். நேர்ல பாக்கறோம்!"

சொல்லி முடிப்பதற்குள் உதயகுமாரின் மூளையில் பளிச்சென்று ஒரு பல்பு எரிந்தது. கடையில் அவர் ஒரு வித்தை வைத்திருந்தார். எந்தப் புடவையை விற்க வேண்டுமோ அதை முதலில் காட்டவே மாட்டார். கண்ணைக் குத்துகிற மஞ்சள், காவி படிந்த பல் மாதிரி ஒரு ஜரிகை, பார்த்தாலே தலைவலி வருகிற கட்டம் என்று மூன்றை விரித்துப் போடுவார். வந்தவர்கள் நொந்துபோன நேரத்தில் நான்காவதை எடுப்பார். பில் போட்டுவிடலாம்.

கல்லூரிக்கும் அதேதான். அக்னி நட்சத்திரத்தில் மூன்று ஊர் சுற்றிக் காட்டுவது. பெண் நொந்துபோய், "அப்பா, காஞ்சிபுரமே போதும்" என்று தானாகவே சொல்லிவிடுவாள். சொல்லும் காப்பாற்றப்படும், மகளும் காப்பாற்றப்படுவாள்.

நேரே பள்ளித்தோழன் கௌஸ் பாஷாவின் பட்டறைக்குப் போனார். பாஷா ஒரு பழைய வேனைப் பிரித்துக் கேரவனாகக் கட்டியிருந்தார். படுக்கை, அடுப்பு, குட்டி பாத்ரூம், சுற்றிலும் பல்பு வைத்த பெரிய கண்ணாடி எல்லாம் உண்டு. முகூர்த்த நாட்களில் மணப்பெண்கள் மேக்கப் போட்டுக்கொள்ள வாடகைக்குப் போகும். மற்ற நாட்களில் பட்டறை வாசலில் படுத்திருக்கும்.

"பாய், வண்டிய நீயே ஓட்டணும். வேலூர் கிட்ட வந்ததும் ஏ.சி. ரிப்பேர்."

"இன்னாப்பா சொல்றே? புது ஏ.சி.பா!"

"ரிப்பேர் ஆவாது. ஆயிடுச்சின்னு நீ சொல்லணும்."

"அரே உதயா! மே மாசத்துல ஏ.சி.ய நிறுத்துனா, உள்ள இருக்கறவன் கபாப் ஆயிடுவான்."

"ஆவட்டும். அதான் பிளானு."

பாஷா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறாரோ என்றுகூட உதயகுமாருக்குத் தோன்றியது. தன்னுடைய சாமர்த்தியத்தைக் கண்டு வியக்கிறான் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் விடியலில் வண்டி கிளம்பியது. வேலூரை நெருங்கும்போது பாஷா சொன்னபடி ஏ.சி.யை நிறுத்தினார்.

"ரிப்பேர்பா!"

அபிநயா துப்பட்டாவால் விசிறிக்கொண்டாள். உதயகுமாருக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. கல்லூரி வாசலில், நிழல் என்ற பேச்சுக்கே இடமில்லாத ஒரு பொட்டலில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"பாத்தியாம்மா, ஊரா இது? வேலூர் இல்ல, வெயிலூர்!"

"ஆமாங்க, இதுல உக்காரவே முடியல" என்று கமலவேணி இறங்கினாள். "நீங்க வண்டியப் பாத்துக்கினு இருங்க. நாங்க உள்ள போய் விசாரிச்சிட்டு வந்துடறோம்."

போனவர்கள் போனவர்கள்தான். பாஷா பக்கத்து டீக்கடை ஃபேனுக்கு அடியில் இடம் பிடித்துவிட்டார். சாமான்களுக்குக் காவலாக உதயகுமார் மட்டும் கேரவனுக்குள் வெந்துகொண்டிருந்தார். சட்டையைக் கழற்றினார். பனியனைக் கழற்றினார். மேற்கொண்டு கழற்ற எதுவும் இல்லாத கட்டத்தில் அம்மாவும் பெண்ணும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். இரண்டு பேரும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தக்காளி மாதிரி இருந்தார்கள்.

"லைப்ரரி பூரா ஏ.சி.ப்பா!" என்றாள் அபிநயா.

கமலவேணியின் கையில் ஏதோ ஒரு செடியின் கிளை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பி.காம். படிக்கப்போற பொண்ணுக்கு எதுக்கு கமலா இலை தழை எல்லாம்?"

"சும்மா நல்லா இருந்துச்சிங்க. அங்க ஒரு மேடம் குடுத்தாங்க."

ஏ.சி.யை உடனே ரிப்பேர் பார்க்கும்படி உதயகுமாரே பாஷாவிடம் கெஞ்சினார். ஒரே ஒரு சுவிட்சில் ரிப்பேர் சரியானது.

திருவண்ணாமலைக்கு அவர் வேறு ஆயுதம் வைத்திருந்தார். சாப்பாடு. மாணவர்கள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். உப்புமா வந்தது. தட்டைக் கவிழ்த்தால்கூட விழாது போலிருந்தது. அபிநயா ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். உதயகுமாருக்கு அந்த முகச்சுளிப்பே பாயசமாக இருந்தது.

கமலவேணியோ இன்னொரு கரண்டி கேட்டாள்.

"இதுவா நல்லா இருக்குது உனக்கு?"

"நான் கிண்டாத உப்புமா எதுவா இருந்தாலும் நல்லாத்தாங்க இருக்கும். சாப்ட்டு தட்டைக்கூட கழுவ வேணாமாமே!"

வெளியே வந்தால் கேரவனைச் சுற்றிக் கூட்டம். ஏதோ ஷூட்டிங் என்று மாணவர்கள் மொய்த்துவிட்டார்கள். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த கமலவேணியைப் பார்த்ததும் விசில் பறந்தது.

"மேடம், ஒரு செல்ஃபி!"

"மேடம், எந்த சீரியல்ல வர்றீங்க?"

"இன்னும் டெலிகாஸ்ட் ஆவலப்பா. ஜூலையில ஆரம்பிக்குது" என்று கமலவேணி நிதானமாகச் சொல்லிவிட்டு எல்லோருடனும் படம் எடுத்துக்கொண்டாள்.

ஒரு பையன் உதயகுமாரின் தோளைத் தட்டினான். "அண்ணே, நீங்க மேக்கப் மேனா? கொஞ்சம் ஃப்ரேம வுட்டு நகருங்கண்ணே."

உதயகுமார் நகர்ந்தார். அதென்ன ஜூலை என்று ஒரு கேள்வி எழுந்தது. ஆனால் அதற்குள் அபிநயா அருகில் வந்து, "அப்பா, ஹாஸ்டல் சாப்பாடெல்லாம் இப்பிடித்தான் இருக்குமா?" என்று கவலையோடு கேட்டாள். அந்த ஆனந்தத்தில் ஜூலையை மறந்தே போனார்.

சிதம்பரத்துக்கு ஆயுதமே தேவைப்படவில்லை. ஊர் எல்லையிலேயே அபிநயா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"எனக்கு ஹாஸ்டல் வேணாம்ப்பா. நம்ம ஊர் காலேஜே போதும். நஸ்னீனும் அங்கதான் சேர்றா."

நஸ்னீன், பாஷாவின் மகள். உதயகுமாருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நான்காவது புடவை விற்றுவிட்டது! பாஷாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். வண்டியே ஒரு முறை ஆடியது.

"அப்ப திரும்பிடலாமா பாய்?"

"வந்தது வந்தாச்சு" என்றாள் கமலவேணி. "இங்க எனக்குத் தெரிஞ்ச பேராசிரியை ஒருத்தங்க இருக்காங்க. ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாங்க."

ஜெயித்த மனிதருக்கு எதற்கும் ஆட்சேபணை இருக்காது. பின்னாலேயே போனார். மரங்கள் சூழ்ந்த ஒரு கட்டடம். பேராசிரியை நீலாம்பாள் எழுந்து வந்து கமலவேணியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு உதயகுமாரைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்கு இதுல முழுச் சம்மதம்தானே சார்?"

காஞ்சிபுரம் கல்லூரியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்ட உதயகுமார் நெஞ்சை நிமிர்த்தினார். "என் வீட்டுப் பொம்பளைங்க எங்க படிக்கணும்னு நெனைக்கிறாங்களோ, அங்க படிக்கலாம் மேடம். நான் குறுக்க நிக்கவே மாட்டேன்."

"ரொம்ப சந்தோஷம். அப்ப ஜூலைல அனுப்பி வைங்க."

"யாரை?"

"இவங்களைத்தான்."

உதயகுமார் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. பக்கத்தில் கமலவேணி மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"எம்.எஸ்சி. தாவரவியல்" என்றார் நீலாம்பாள். "ரெண்டு வருஷம். ஹாஸ்டல் இடமும் கெடைச்சிடுச்சு."

திரும்பும் வழியில் திண்டிவனம் தாண்டும்போது உதயகுமார் மனைவி பக்கம் திரும்பினார்.

"தாவரவியலா, இல்ல என்னை வுட்டுத் தாவுற இயலா?"

"தாவறதுக்கு நான் என்ன குரங்கா? மாசத்துக்கு ரெண்டு வாட்டி பஸ் ஏறி வரப்போறேன்."

"இந்த வயசுல எதுக்கு கமலா?"

கமலவேணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "அந்த வயசுல, பி.எஸ்சி. முடிச்சதும், இதே சிதம்பரத்துல எனக்கு இடம் கெடைச்சிதுங்க. அப்பதான் நீங்க பொண்ணு பாக்க வந்தீங்க. 'கல்யாணம் ஆவட்டும், ரெண்டு வருஷம் கழிச்சு தாராளமா படி'ன்னு நீங்கதான் சொன்னீங்க. ரெண்டு வருஷம் எப்பவோ ஆயிடுச்சி. நீங்க சொன்ன சொல்லு தப்ப மாட்டீங்கன்னு தெரியும். அதான் நானே ஞாபகப்படுத்தினேன்."

உதயகுமாருக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. மிக்சர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளை முறுக்கோடு, அவளுடைய அப்பாவிடம் தானேதான் அப்படிச் சொன்னார். வயிற்றுப் பக்கமாகத் தப்பிக்க ஒரு வழி தேடினார்.

"அப்ப சமையலு?"

"அபிக்கு காலேஜ் ஒன்பதரைக்கு. உங்களுக்குக் கடை பத்து மணிக்கு. நிறைய நேரம் இருக்குதுங்க ரெண்டு பேருக்கும்."

அவர் மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள்.

"ஏம்மா, அப்ப நீ ஹாஸ்டல் வேணாம்னு சொன்னது..."

"நான் எப்பப்பா வேணும்னு சொன்னேன்? நானும் நஸ்னீனும் பரீட்சை எழுதும்போதே முடிவு பண்ணிட்டோம். அம்மாதான் கொஞ்ச நாள் வெளிய சொல்லாதேன்னாங்க."

கடைசி நம்பிக்கையாக உதயகுமார் டிரைவர் சீட் பக்கம் எட்டிப் பார்த்தார். "கேட்டியா பாய்? ஒரு வார்த்தை யாராவது எங்கிட்ட சொன்னாங்களா? ஏதோ நான் கேரவன் பிளான் போட்டதால இப்பவாவது தெரிஞ்சிது..."

பாஷா கண்ணாடி வழியாக அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கோச்சிக்காதே உதயா. நீ பட்டறைக்கு வர்றதுக்கு மின்னாடியே தங்கச்சி வந்து வண்டிய புக் பண்ணிட்டுப் போயிடுச்சி. 'அவரும் வருவாரு, புதுசா கேக்கற மாரி கேட்டுக்கோங்க'ன்னு சொல்லிச்சி."

ஜூலை வந்தது. கமலவேணி ஒரு பெட்டியும் ஒரு பூதக்கண்ணாடியுமாகப் பஸ் ஏறினாள். டாட்டா காட்டும்போது அவளுடைய முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்த உதயகுமாருக்கு அழுவதா, பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தார்.

பிறகு சமையல் ஆரம்பமானது. அவர் வைத்த சாம்பாரை அபிநயா ரசம் என்று நினைத்து ஊற்றிக்கொண்டாள். அவர் வைத்த ரசத்தை யாரும் எதுவாகவும் நினைக்கவில்லை. இந்த அழகில் கமலவேணி வேறு, முதல் மாதம் பிராக்டிகல் நிறைய இருக்கிறது, வர முடியாது என்று போனில் சொல்லிவிட்டாள். உதயகுமாருக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் அபிநயாவையும் ஏற்றிக்கொண்டு மறுபடியும் பாஷாவின் கேரவன் சிதம்பரத்துக்குக் கிளம்பியது. வழியெல்லாம் அவர் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். இளைத்துப்போன தேகத்தைக் காட்டுவது. கையில் தோசைக்கல் சுட்ட தழும்பைக் காட்டுவது. அதற்கும் மசியாவிட்டால் விக்கி விக்கி அழுவது. படித்த மனசு, இளகிவிடும்.

பெண்கள் விடுதி வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"கமலவேணி. எம்.எஸ்சி. பாட்டனி, மொத வருஷம்."

"நீங்க யாரு?"

"வீட்டுக்காரர்."

"வாடகை பாக்கின்னா வெளியிலேயே வச்சிக்குங்க சார். வீட்டு ஓனரெல்லாம் இங்க வரக்கூடாது."

"யோவ், நான் அவங்க புருஷன்யா!"

காவலாளி யோசித்தார். "அப்பா வரலாம், அம்மா வரலாம், கார்டியன் வரலாம். புருஷன்னு ஒரு அயிட்டமே நம்ம ரூல்ல இல்லையே சார்." கொஞ்சம் இரக்கப்பட்டு, உள்ளே போன் போட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அவங்களுக்கு கார்டியன் அபிநயான்னு ஒருத்தங்களாம். யாரு அது?"

"நான்தாங்கண்ணா."

"நீங்க உள்ள வாங்கம்மா."

உதயகுமாரின் கையிலிருந்த பலகாரப் பையை வாங்கிக்கொண்டு அபிநயா கேட்டைத் தாண்டினாள். நாலடி போனவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"வெயில்ல நிக்காதீங்கப்பா, அந்த மரத்தடிக்குப் போங்க. அம்மா ஒழுங்கா படிக்கிறாங்களான்னு விசாரிச்சிட்டு வந்துடறேன்."