பாலைவனத்து வில்லோவுக்கு நான் போட்ட உப்பு

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்று வளர்த்தது ஐந்து. ஐந்தும் இன்றைக்கு எனக்கே புத்தி சொல்கிற அளவுக்கு நன்றாக வளர்ந்திருக்கின்றன. ஆகவே ஒரு மரத்தைப் பத்து நாள் பார்த்துக்கொள்வது எனக்கு ஒரு வேலையா என்றுதான், போன கோடையில் நான் இருக்கிற ஸ்காபரோவிலிருந்து, பாலைவன அரிசோனாவுக்கு விமானம் ஏறினேன்.

அங்கே என் கடைசி மகளின் வீட்டு வளவில் ஒரு வீப்பிங் வில்லோ நிற்கிறது. இங்கே ரூஜ் ஆற்றங்கரையில் தலையை விரித்துப்போட்டுத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்குமே, அதே மரம். அதை, மழையை ரீவியில் மட்டும் பார்க்கிற ஊரில் நட்டவர் என் மருமகன். (இஞ்சினியர். வேறென்ன சொல்ல?) மூத்த பிள்ளை பிறந்த கிழமை நட்டது. அதில் ஒரு இலை வாடினால் அவருக்கு அன்று சோறு இறங்காது.

குடும்பமாக விடுமுறைக்குப் புறப்படும்போது சொன்னார்: "மாமி, தண்ணிக் குழாய் தானாத் திறக்கும், தானாப் பூட்டும். கிழமைக்கு ரெண்டு தரம் ஆழமா ஊறும். நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம்."

ஒன்றும் செய்ய வேண்டாமாம்! துலா மிதித்துக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த வீட்டில் பிறந்தவளிடம்!

மூன்றாம் நாள் இலை நுனிகள் இலேசாக மஞ்சளாகத் தெரிந்தன. எங்கள் ஊர்ப் பக்கத்தில் தென்னை சோர்ந்தால் அடியில் உப்புப் போடுவோம். அதுவும் மரம், இதுவும் மரம். சமையலறை உப்புப் பையை எடுத்து வந்து கொட்டினேன். இரண்டு நாளில் நுனிகள் கருகின. நான் என்ன முடிவுக்கு வந்தேன்? உப்புப் போதவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரியிடம் சைகை காட்டி இன்னொரு பை வாங்கி, மேற்குப் பக்கமாகக் கொட்டினேன். (ஆங்கிலமே இல்லாமல் காரியத்தை முடித்த பெருமை வேறு.)

பத்தாம் நாள் மருமகன் வந்து, கையில் பெட்டியோடு அப்படியே நின்றார். மரத்தில் பாதிக்கு இலையே இல்லை.

"மாமி, உதென்ன வெள்ளையா?"

"உப்பு, தம்பி. மரம் சோந்து போச்சு, அதுதான்."

"உப்போ! இந்த மண்ணிலயே உப்புக் கூட, மாமி. அதைக் கழுவி இறக்கத்தானே நான் அவ்வளவு தண்ணி விடுறன்!"

மகள் விடவில்லை. "அம்மா, அதென்ன கருவாடே?"

"தென்னைக்குப் போடுறனாங்கள்தானே."

"அப்ப தேங்காய் காய்க்குமெண்டு பாத்தனீங்களோ?"

மருமகன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மண்வெட்டி எடுத்து மேல்மண்ணை வழித்தெறிந்தார். மூன்று நாள் நெருப்பு வெயிலில் நின்று, அடிமண் வரை தண்ணீர் இறங்க விட்டார். நான் உள்ளே, யன்னலடியில், மனிதருக்குக்கூட அப்படிக் கேட்டதில்லை, ஒரு மரத்துக்காகப் பிள்ளையாரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

மரம் பிழைத்தது. மேற்குப் பக்கம் மட்டும் மொட்டை. அதற்குப் பேரப்பிள்ளைகள் 'அம்மம்மா பக்கம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "அம்மம்மா பக்கத்தில ரெண்டு துளிர் வந்திருக்கு" என்று மகள் படம் அனுப்புகிறாள். கதை எனக்கு முன்பே விமானம் ஏறி ஸ்காபரோ வந்துவிட்டது. இங்கே எங்கள் வோபர்ன் தமிழ்க் கடையில் உப்பை எடுத்தால், "அன்ரி, சமையலுக்கோ, மரத்துக்கோ?" என்று கேட்கிறார்கள்.

இதை எழுதி முடித்ததும், இங்கே என்னோடு இருக்கிற மகனின் மகளைக் கூப்பிட்டேன். இந்தா, துவாரகா, நீ சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போறனிதானே, இதை ஒருக்கா வாசி பாப்பம். உப்பெண்டு வாற இடத்தில மட்டும் மெல்ல வாசி. கொப்பா பக்கத்து அறையில இருக்கிறான்; கேட்டா அவனும் என்னைப் பகிடி பண்ணத் தொடங்கிடுவான்.