விசாவைக் கட்டியிருந்த ரப்பர் பேண்ட்

எழுபத்து நான்கு வருட வாழ்க்கையில் நான் திருடியது ஒரே ஒரு பொருள். ஒரு ரப்பர் பேண்ட். அதையும் சும்மா எடுக்கவில்லை, பதிலுக்கு வேறொன்றைப் போட்டுவிட்டுத்தான் எடுத்தேன். (வம்பு முழுக்க அந்தப் பதிலால் வந்ததுதான்.)

அப்போது நான் திருவிடைமருதூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். வீட்டுக்கு ஒருவர் துபாய், மஸ்கட், சிங்கப்பூர் என்று கிளம்பிக்கொண்டிருந்த காலம். நானோ ஊரைவிட்டு நகராமல் ஒரு வித்தை பழகிக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மாட்டிய ரப்பர் பேண்ட், கண்மூடித் திறப்பதற்குள் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தாவ வேண்டும். பார்ப்பவர் மூக்குக்கு ஓர் அடி தூரத்தில் செய்ய வேண்டிய வித்தை.

எனக்கு அது தாவியதே இல்லை. குற்றம் விரலில் இல்லை, பேண்டில்தான் என்று முடிவு செய்தேன். மருந்துக்கடை பேண்ட் நூல் மாதிரி. இழுத்தால் அறுந்து என் மூக்கிலேயே அடிக்கும். ஓட்டலில் சாம்பார் பொட்டலத்துக்குப் போடுவது அளவு சரி, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு. பள்ளி அலுவலகத்துத் தடித்த பேண்ட் விரலை நீலமாக்கிவிடும். புதியது ஒட்டும், வெயில் பட்ட பழையது வெடிக்கும். சிவப்பும் பச்சையும் தாவும்போதே கண்ணில் பட்டுவிடும் என்பதால் தோல் நிறம்தான் வேண்டும். ஏழு வகையில் நாற்பத்து மூன்று பேண்டுகளுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றையும் இருநூறு முறை இழுத்துப் பார்த்து, நோட்டில் மதிப்பெண் போட்டேன்.

இதையெல்லாம் பொறுமையாக எதிரில் உட்கார்ந்து பார்த்த ஒரே ஆள் குணசேகரன். என் மனைவி மங்கையின் தம்பி. நான்கு வீடு தள்ளி இருந்தான். தினமும் சாயங்காலம் வந்துவிடுவான்.

"அத்தான், இது தாவறதுக்குள்ள நான் மஸ்கட்டுக்கே போயிருவேன்" என்பான்.

கிட்டத்தட்ட அப்படியே ஆனது. இரண்டு வருடம் நேரத்துக்குத் தண்ணீர் வராமல் அவன் வயலில் குறுவைப் பயிர் போய்விட்டது. தெருக்கோடி யூசுப் பாய் மஸ்கட்டில் மளிகைக் கடை வைத்திருந்தார். தன் கடையிலேயே வேலை சொல்லி, குணாவுக்கு விசா எடுத்து வந்தார். பதினான்கு மாதம் காத்திருந்து கிடைத்த ஒற்றைத் தாள். அது இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

கிளம்பும் அன்று குணாவுக்கும் பாய்க்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. மேசைமேல் குணாவின் பாஸ்போர்ட், டிக்கெட், மருத்துவச் சான்றிதழ், விசா நான்கையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் பிடித்திருந்தது. பாய் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது. அகலம் மூன்று மில்லிமீட்டர். பளபளப்பு இல்லை. என் தோல் நிறமேதான். ஃபாரின் சோப்பின் காலி உறையைக்கூடப் பீரோவில் துணிக்கு நடுவே வைத்து மணக்கவிட்ட நாட்கள் அவை. ஃபாரின் ரப்பர் பேண்ட் தாவாமல் இருக்குமா?

எல்லோரும் கை கழுவப் போன நேரத்தில் அதைக் கழற்றிக்கொண்டு, என் பையிலிருந்த பத்தொன்பதாம் எண்ணை மாட்டினேன். (மதிப்பெண்ணில் அதுதான் முதலிடம். இருநூறு இழுப்பையும் தாங்கியது. இருநூற்றொன்றாவதில் என்ன ஆகும் என்று கணக்கு வாத்தியாருக்குத் தோன்றவில்லை.)

பாயசம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் முன்னால் செய்தேன். தாவியது. குணா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னொரு தடவ செய்ங்க அத்தான்."

ஐந்து தடவை செய்தேன், ஐந்திலும் தாவியது. நாளைச் சாயங்காலம் யாருக்குச் செய்து காட்டுவது என்று அப்போதுதான் உறைத்தது. அதை அவனிடம் சொல்லத் தெரியாமல் ஆறாவது தடவையும் செய்தேன்.

"போதுங்க, வண்டி வந்துருச்சு. உங்க விரலயே பாத்துக்கிட்டிருந்தா அவன் எப்ப ஊர் போய்ச் சேர்றது?" என்றாள் மங்கை. அவசரத்தில் பேண்டை மணிக்கட்டில் ஏற்றிக்கொண்டு ஓடினேன்.

மெட்ராஸ் ரயிலைப் பிடிக்க வாடகை அம்பாசிடரில் கும்பகோணம் நோக்கிப் போனோம். இருபுறமும் சம்பா நடவு. நான்கு ஜன்னலும் திறந்திருந்தன. முன்சீட்டிலிருந்து பாய் திரும்பினார்.

"தம்பி, தாளெல்லாம் ஒருக்கா பாத்துக்கப்பா."

குணா பேண்டை இழுத்தான். அது இருநூற்றொன்று.

பாஸ்போர்ட் அவன் மடியில் விழுந்தது. டிக்கெட் மங்கையின் காலடியில். சான்றிதழ் என் முகத்தில். விசா ஜன்னல் வழியே வயலுக்குப் போனது.

வண்டி நிற்பதற்குள் நான் இறங்கிவிட்டேன் (விழுந்துவிட்டேன் என்பாள் மங்கை). வரப்பை விட்டு வயலுக்குள்ளேயே ஓடினேன். முழங்கால் சேறு. செருப்பு இரண்டும் போயின.

"யாருங்க அது, நட்டத மிதிக்கிறது?" என்றார் நட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்.

"கணக்கு வாத்தியாரு மாரி இருக்கு" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"அப்ப எத்தன நாத்து போச்சுன்னு அவரையே எண்ணச் சொல்லு."

முதலில் பேசியவர் எட்டித் தாளை எடுத்து, இரண்டு விரலில் தூக்கிப் பார்த்தார். "இதுக்கா இந்த ஓட்டம்? எழுத்தே புரியல."

"அரபிம்மா" என்றார் பாய், சாலையிலிருந்து. "அது இல்லன்னா இந்தப் புள்ள போக முடியாது. கிழிஞ்சிராம மெதுவா."

அந்தப் பெண் உடனே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வரப்பு வழியே நடந்து வந்து குணாவிடம் கொடுத்தார். "நல்லபடியா போய்ட்டு வா தம்பி. இவர மட்டும் கூட்டிக்கிட்டுப் போவாத."

அம்பாசிடரின் பானெட் சூட்டில் கைக்குட்டையை விரித்து, பாய் அதைக் காயவைத்தார். பதினோரு நிமிடம் ஆனது. எழுத்து தப்பித்தது. முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குச் சேற்றுக்கறை.

"நல்ல பேண்டாச்சே, எப்படி அறுந்துச்சு?" என்றார் பாய்.

நான் வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்தேன். சேறு போகப் போக மணிக்கட்டில் அது தெரிந்தது.

"அத்தான், கையில என்ன?" என்றான் குணா.

"மாப்ள, அது வந்து..."

கழற்றி நீட்டினேன். அவன் என்னைப் பார்த்தான், பேண்டைப் பார்த்தான், பிறகு வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். மங்கை மட்டும் சிரிக்கவில்லை. மூன்று நாள் பேசவும் இல்லை.

அவன் எழுதிய முதல் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. மெட்ராஸ் விமான நிலையத்தில் அதிகாரி கறையைத் தடவி, "என்னய்யா இது?" என்று கேட்டாராம். "எங்க ஊரு வயலு சார்" என்றானாம். அவர் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு அனுப்பிவிட்டாராம்.

குணா இருபத்திரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பிவிட்டான். இப்போது பிள்ளைகளின் முறை. என் மகன், மருமகள், குணாவின் இரண்டு பெண்கள் என்று யார் வெளிநாடு கிளம்பினாலும், அவர்கள் வண்டியில் ஏறியதும் குணா வாசலில் நின்று, "அத்தான், கையக் காட்டுங்க" என்பான். நான் இரண்டு கையையும் நீட்டி விரல்களை ஒவ்வொன்றாக விரிக்க வேண்டும். வண்டிக்குள் இருப்பவர்கள் சத்தமாக எண்ணுவார்கள். பத்து வந்தால்தான் வண்டி கிளம்பும்.

நான் மெதுவாகத்தான் விரிப்பேன்.