மழைக்காலத்து ஏர்கோன்

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் சொந்த வீட்டுக்குள் உட்கார முடியாது என்பது நாகப்பனுக்குத் தெரியும்.

காரணம், மனைவி மோகனா. டத்தோ கிராமாட் வட்டாரத்தில் பாதிப் பெண்களுக்கு அவள்தான் ஜாக்கெட் தைக்கிறாள். கூடத்தில் ஒருத்திக்கு அளவெடுப்பாள், அறையில் இன்னொருத்தி போட்டுப் பார்ப்பாள். "ஏங்க, கொஞ்சம் வெளிய போங்க!" வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் மனிதர் கேட்கும் ஒரே வசனம் இதுதான். பாயான் பாரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் சூப்பர்வைசர். நாற்பது பேர் அவர் பேச்சைக் கேட்டார்கள். இப்போது அவருக்கென்று ஒரு நாற்காலிகூட இல்லை. இருந்த ஒன்றிலும் துணி மூட்டை. எங்காவது போகலாமென்றால் விடாத மழை. மனசே விட்டுப்போயிற்று.

அப்போதுதான் மெக்கானிக் சீனி முகம்மது கார் ஏ.சி.யைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். "மழக்காலத்துல காடி ஏர்கோனத் தொடாம விட்டுராதீங்கண்ணே. வாரத்துக்கு ஒருவாட்டி பத்து நிமிசம் ஓட விடுங்க. இல்லாட்டி கேஸ் கசிஞ்சுரும், கம்ப்ரசர் போயிரும்."

வீடு வந்து சேர்வதற்குள் வாரம் தினமாகிவிட்டது. பத்து நிமிடம் இரண்டு மணி நேரமாகிவிட்டது.

"தினமுமா?" குண்டூசியைப் பல்லில் கடித்தபடி கேட்டாள் மோகனா.

"கட்டாயம். மெக்கானிக்கே சொல்லிட்டாரு."

"இந்தக் குளிர்லயா?"

"குளிர்லதான் போடணும். வெயில்னா அதுபாட்டுக்கு ஓடுது. உனக்கு இதெல்லாம் புரியாது லா."

"எனக்கு எங்க புரியப்போவுது!" அவள் துணி வெட்டப் போய்விட்டாள்.

அப்பப்பா, நாலு நாள் சொர்க்கம்! வாசலில் நின்ற காடிக்குள் சீட்டைச் சாய்த்து, செருப்பைக் கழற்றிப் போட்டு, வானொலியில் பழைய பாட்டு. வெளிய போங்க என்று சொல்ல ஆளில்லை. கண்ணாடியில் மழை வழிவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். இந்த வயசில் தனக்கு மிஞ்சியது இந்த ஒரு சீட்டுதான் என்று நினைத்தபோது அழுகை வந்தது. ஆனாலும் அது அவர் சீட்டு.

ஐந்தாம் நாள் மோகனா கண்ணாடியைத் தட்டினாள். பின்னால் குடையோடு மூன்று பெண்கள்.

"கூடத்துல இடமில்லங்க. முறை வர்றவரைக்கும் இவங்க காடியில உட்காரட்டும்."

"காடியிலயா? அப்ப நான்?"

"ஏர்கோன் எப்படியும் ஓடணும்ல?"

"இன்னிக்கு... இன்னிக்கு இது போதும். ரொம்ப ஓடினாலும் கெடுதல்."

"ரெண்டு மணி நேரம் கட்டாயம்னு நீங்கதானே சொன்னீங்க?" அவள் கதவைத் திறந்து பிடித்தாள். "நேத்து வழியில பாத்தப்ப சீனி முகம்மது அண்ணன் வாரத்துக்குப் பத்து நிமிசம்னாரு. நான்தான், எங்க வீட்டுக்காரரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டு வந்தேன்."

நாகப்பன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். இறங்கினார். மூவரும் ஏறினார்கள். "அய்யோ, ஜில்லுன்னு இருக்கு!" என்று உள்ளே ஒரே கும்மாளம். மோகனா ஒரு குடையை அவர் கையில் திணித்தாள். "வெளியதானே நிக்கிறீங்க, ஒவ்வொருத்தரா நனையாம உள்ள கூட்டிட்டு வாங்க."

நின்றார். சாரல் முழங்கால்வரை நனைத்தது. அப்போது புதிதாக ஒரு பெண் கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்து, துணிப்பையை அவரிடம் நீட்டினாள்.

"டெய்லரக்கா உதவிக்கு ஆள் வச்சுட்டாங்களா அண்ணே? நல்லதாப் போச்சு!"

நான் அவ புருஷன் என்று சொல்ல நாகப்பன் வாயெடுத்தார். அதற்குள் உள்ளேயிருந்து மோகனாவின் குரல் வந்தது.

"அடுத்த ஆளு!"

"நீங்க நாலாவதும்மா," என்றார் நாகப்பன்.