இருபத்தேழு லிவர்பூல் சொற்கள்

விட்பி,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி அருள்நாயகத்துக்கு,

இங்கே கனடாவில் நானும் என் வலது முழங்காலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கே யாழ்ப்பாணத்தில் நீயும் கௌசியும் அதைவிடச் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் இருமினாலே நீ விஷயத்தைப் பிடித்துவிடுவாய்.

எண்பத்துமூன்று வயதில் உன் அண்ணன் பெயரெடுத்துவிட்டான். இங்கே முதியோர் நிலையத்தில் செவ்வாய்தோறும் தேத்தண்ணி தருவார்கள். போன மாதம் ஒருநாள் வாயில் வைத்தேன், தேயிலையைச் சுடுதண்ணீருக்குக் காட்டிவிட்டு எடுத்த மாதிரி இருந்தது, என்னை அறியாமல் "குறொட்டி" என்று சொல்லிவிட்டேன். அறுபத்துநாலில் லிவர்பூலில் பாட்டுக் கோஷ்டிப் பொடியள் ஆகாத எதையும் அப்படித்தானே சொல்வார்கள். பக்கத்தில் இருந்த வேரோனிக்கா அந்த ஊர்க்காரியாம், என் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள், தேத்தண்ணி போட்டவர் தன்னால்தான் அழுகிறாள் என்று பதறிக் கேத்திலோடு ஓடினார், நான் சமாதானப்படுத்தப் போய், நல்லதுக்கெல்லாம் அந்தப் பொடியள் சொல்லும் "ஃபாப்" என்றேன், "கியர்" என்றேன், அவள் இன்னும் கூட அழுதாள். என்னைக் கூட்டிப்போக வந்த பேத்தி துவாரகா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பப்பா, ஆரை ஏசினனீங்கள்?"

"ஒருத்தரையும் ஏசேல்லையடி. தேத்தண்ணியைத்தான்."

அன்றுமுதல் வாராவாரம் நான் மட்டன் றோல்ஸோடு போகிறேன், வேரோனிக்கா தன் ஊர்ச் சொற்களைக் கேட்பாள், நான் ஒவ்வொன்றாகப் பொருளோடு சொல்வேன். அந்தக் காலத்து இருபத்தேழு சொல்லும் வரிசை தப்பாமல் வருகிறது. யார் சொல்லித் தந்தது என்று போன கிழமை கேட்டாள். என் தம்பி என்றேன். பிறகு உனக்குத் தெரிந்த கதைதான்: ஒரே அறையில் நான் கணக்கியல் படித்தேன், நீ கிற்றார் வாசித்தாய், அறையை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரி அப்பாவுக்குக் கோள்மூட்டிக் கடிதம் போட, அப்பா தந்தி அடிக்க, பத்தொன்பது வயதில் கிற்றாரைக் கட்டிலில் வைத்துவிட்டு நீ கப்பலேறினாய். கேட்டதும் வேரோனிக்கா அந்த வீட்டுக்காரியைக் கிழிகிழியென்று கிழித்தாள். நான் கடித்த றோல்ஸைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஜூனில் நிலையத்தில் ஒன்றுகூடல். நீ வந்து வாசிக்க வேண்டும். துவாரகா உனக்காக ஒரு கிற்றார் இரவல் வாங்கி வைத்திருக்கிறாள். சாட்டுச் சொல்லாதே. எங்களுக்கு இனி எத்தனை ஜூன் மிச்சம்? உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

கௌசிக்கு என் அன்பு. உனக்கு, தைலம் மணக்கும் கையால் ஆசிகள்.

அண்ணன்,
இரத்தினவேல்

பி.கு.: அந்த வீட்டுக்காரிக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்குப் போன கடிதம் தமிழில் இருந்தது. நீ கெட்டுப்போகிறாய் என்று காட்ட, உன் வாயில் வந்த இருபத்தேழு சொல்லையும் இலக்கமிட்டுப் பொருளோடு எழுதினேன். அதனால்தான் இன்றைக்கும் எனக்கு அவை மனப்பாடம். அறுபது வருஷமாக நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்னித்தால் வா. மன்னிக்காவிட்டாலும் வா, வந்து எல்லாருக்கும் முன்னால் என்னைக் "குறொட்டி" என்று சொல்லு.