ஒன்பதாம் இலக்க அறிவுரை

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கோப்பாயில் ஆளில்லாத வீடொன்றின் வாசலில் நின்று, உள்ளே இருந்த ஏதோ ஒன்றுக்குத் தரம் ஆறு நேரசூசியை, அதாவது பாட அட்டவணையை, விளங்கப்படுத்தியவள் நான். இதை மறைக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். என் சின்னண்ணை விடமாட்டார். அவர் வாயால் நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது எனக்கு மரியாதை.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. ஆசிரிய நியமனம் கிடைத்து மூன்று மாதம். (காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டது அம்மாதான். இனி வரப்போகும் என் வீராப்பைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.) சின்னப் பள்ளிக்கூடங்களிலிருந்து எங்கள் பாடசாலைக்குத் தரம் ஆறுக்கு வரும் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய், குடும்பத்தைத் தயார்ப்படுத்தும் வேலையை அதிபர் என்னிடம் தந்தார். பாடத்துக்குப் பாடம் ஆசிரியர் மாறுவார், எந்த நாளுக்கு எந்தக் கொப்பி என்று பார்த்து அடுக்கவேண்டும், பஸ் எத்தனை மணிக்கு, இவ்வளவையும் ஆறுதலாகச் சொன்னால் போதும் என்றார். எனக்கு அது போதவில்லை. இரண்டு நாள் மினக்கெட்டு, ‘பெற்றோர் கவனத்திற்கு: இருபத்தேழு அறிவுரைகள்’ என்று நான்கு பக்கம் எழுதி அச்சடித்தேன். பிள்ளை வளர்ப்பில் எனக்கிருந்த அனுபவம், பக்கத்து வீட்டுப் பூனைக்கு ஒரு கிழமை பால் வைத்தது.

பட்டியலில் கடைசிப் பெயர் ஆரணி.

“உந்தப் பிள்ளை பெரிய பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டன் எண்டு ஒற்றைக்காலிலை நிக்குதாம்,” என்றார் அதிபர். “நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்குள்ளை பதியாட்டி அந்த இடத்தை அடுத்த பிள்ளைக்குக் குடுக்கவேண்டி வரும். தாய் போனிலை அழுகிறா. நீர் ஒருக்காப் போய்க் கதைச்சுப் பாரும்.”

நான்கு பக்கங்களையும் பையில் வைத்து, சின்னண்ணையின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு (“ஒரு கீறல் விழுந்தாலும் நீ என்ரை தங்கச்சி இல்லை”) மத்தியானம் போல் போய்ச் சேர்ந்தேன். மழை விட்டிருந்தது. வானம் மூடி, மரவள்ளித் தோட்டங்களில் ஒரு சத்தமும் இல்லை. வளைந்து போன குறுகிய ஒழுங்கையில் ஒரு நாய்கூட இல்லை. சின்ன வைரவர் கோயிலடியில் நிறுத்தி, ஆரணியின் தாய் தவமணியக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“எங்கை நிக்கிறியள், ரீச்சர்?”

“வைரவர் கோயிலடியிலை, அக்கா.”

“அப்ப வந்திட்டியள்! உந்த நீலக் கேற்தான். உள்ளுக்குப் போங்கோ, பிள்ளை நிக்கிறா. நான் தோட்டத்திலையிருந்து இந்தா வாறன்.”

எங்கள் பேச்சில் ‘உந்த’ என்றால், கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பது. இதுவும் இல்லை, அதுவும் இல்லை, உது. இந்தச் சொல்லைத் தொலைத்துவிட்ட ஊர்க்காரர்களைப் பார்த்து நான் பரிதாபப்படுவதுண்டு. (அதனால்தான் அது என்னை இப்படிப் பழிவாங்கியது போலும்.) எனக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கேற் இருந்தது. தள்ளினேன், திறந்தது. எந்த வைரவர் என்று அவ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முற்றத்தில் மாவிலை கணுக்கால் அளவுக்கு ஊறிக் கிடந்தது. கிணற்றுக் கப்பியில் கயிறு இல்லை. ஒருவரும் கூட்டாத முற்றம் என்று பார்த்ததும் தெரிந்தது. நான் அதற்கும் பன்னிரண்டாம் இலக்கத்தில் ஓர் அறிவுரை வைத்திருந்ததால் மகிழ்ச்சிதான் அடைந்தேன். படியேறும்போது உள்ளே குரல் கேட்டது.

“அபிராமி.”

“பிரசன்ட் ரீச்சர்.”

“டிலக்சனா.”

“பிரசன்ட் ரீச்சர்.” இது மெல்லிய, மூக்கடைத்த குரல்.

“மதுசா.” ஒரு இடைவெளி. “மதுசா… மதுசா வரேல்லை.”

இடாப்பில் வரவு பதிவதுபோல, பேனை கடதாசியில் கீறும் சத்தம் கேட்டது. ‘படிப்பித்து விளையாடுகிற பிள்ளை, நல்ல அறிகுறி,’ என்று சொல்லிக்கொண்டு கதவைத் தட்டினேன். உள்ளே எல்லாம் நின்றது.

“பிள்ளை, நான் பெரிய பள்ளிக்கூடத்து ரீச்சர். அம்மா வரச் சொன்னவ.”

வெகுநேரம் கழித்து, கதவுக்கு மிகப் பக்கத்தில், “ஓம்,” என்றது குரல்.

கதவு திறக்கவில்லை. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளை வற்புறுத்தக்கூடாது என்பது என் நான்காவது அறிவுரை. எனவே அங்கேயே நின்று, கண்ணாடியைச் சரிசெய்து, பூட்டிய கதவுக்கு முதலாம் இலக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். நேரசூசியைப் படுக்கைக்கு மேலே ஒட்டவும். “ஓம்.” சப்பாத்தை முதல்நாளே துடைத்து வைக்கவும். “ஓம்.” ஒவ்வொரு ‘ஓம்’க்கும் நடுவில் உள்ளே கதிரை ஒன்று சீமெந்து நிலத்தில் அரைபட்டது. நான் ஒன்பதுக்கு வந்தேன்.

“பழைய பள்ளிச் சிநேகிதர்களை மறந்து, புதிய சூழலுடன் இணங்கிப் பழகவும்.”

‘ஓம்’ வரவில்லை.

“மறக்கேலாது,” என்றது குரல்.

பிறகு வேறொரு குரல், மூக்கடைத்த குரல், யன்னல் பக்கமிருந்து கேட்டது: “அப்ப நாங்கள் எங்கை போறது, ரீச்சர்?”

யன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். அரையிருட்டில் கதிரைகள் வரிசையாக இருந்தன, எல்லாம் வெறுங்கதிரைகள். முன்வரிசையில் ஒன்றில் மட்டும் வெள்ளைச் சீருடை ஒன்று, ரையும் கட்டி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதற்குள் ஆள் இல்லை.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது.

“ரீச்சர், எங்கை உங்களைக் காணேல்லை? நான் கேற்றடியிலை நிக்கிறன்.”

“நான் உள்ளுக்கு நிக்கிறன், அக்கா. பிள்ளையோடை கதைச்சுக்கொண்டு…”

“எந்த வீட்டிலை? ஐயோ, முன் ஒழுங்கையிலையோ நிக்கிறியள்? உது என்ரை அக்காவின்ரை வீடெல்லோ! அவை கனடாவிலை. உங்கை ஒருத்தரும் இல்லை, ரீச்சர்!”

கதவின் தாழ்ப்பாள் உள்ளிருந்து மெதுவாக அசைந்தது. “வாங்கோ, ரீச்சர்.”

நான் ஓடினேன். ஒரு செருப்பு மாவிலைக்குள் போயிற்று. இருபத்தேழு அறிவுரைகளும் கிணற்றடியில் பறந்தன. ஸ்கூட்டியைத் தாண்டி ஓடினேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. தலைக்கவசம் மட்டும் தலையில் இருந்தது. வளைவைச் சுற்றிப் பின் ஒழுங்கைக்குள் விழுந்தடித்து வந்தால், அங்கேயும் ஒரு வைரவர், அங்கேயும் ஒரு நீலக் கேற். அதன் முன்னால் மண்வெட்டியோடு ஒரு அம்மா நின்றா. நான் அவவின் கைகளைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்றுவரை என்னைத் துரத்துகிறது: “அக்கா, பேய்… பேய் இடாப்புக் கூப்பிடுது!”

தவமணியக்கா சிரிக்கவில்லை. வீட்டுக்குள் ஓடி, “ஆரணி! ஆரணி!” என்று கூப்பிட்டா. பிள்ளை இல்லை. புதிதாகத் தைத்துக் கொழுவியிருந்த சீருடையும் இல்லை. அவ கொல்லைப்பக்கம் ஓடினா, நானும் பின்னால் ஓடினேன்.

கொல்லைப்பக்க வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஒரு பத்து வயதுப் பிள்ளை நுழையும் அளவு. அந்தப் பொட்டுக்கு அப்பால்தான் பெரியம்மாவின் பூட்டிய வீடு. (கனடாக்காரி வந்து நின்றபோது மிச்சப் பெயின்ரில் இரண்டு கேற்றையும் ஒரே நீலமாக அடித்திருக்கிறா.) அந்த வீட்டுக் குசினிக் கதவின் திறப்பு, தவமணியக்கா சாவி கொழுவும் ஆணியில் இல்லை.

உள்ளே ஆரணி ஒரு கதிரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். மடியில் கோடு போட்ட கொப்பி, முன்வரிசைக் கதிரையில் அவளுடைய புதுச் சீருடை. அவளுடைய ஐந்தாம் வகுப்பில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு கதிரை. மற்றவர்கள் ஒவ்வொரு பள்ளிக்கூடமாகப் பிரிந்துபோக, எங்கள் பாடசாலைக்கு வருவது அவள் ஒருத்திதான். ஒவ்வொரு நாளும் மத்தியானம் அம்மா தோட்டத்துக்குப் போனதும் இங்கே வந்து இடாப்புக் கூப்பிட்டிருக்கிறாள். ஊரைவிட்டே போய்விட்ட பிள்ளைகளுக்கு மட்டும் ‘வரேல்லை’.

“அம்மா, உந்த ரீச்சர் இவையளை மறக்கச் சொல்றா,” என்று சொல்லிவிட்டு அழுதாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. சேற்றுக் காலும் தலைக்கவசமுமாக நின்றதற்கு அல்ல. என்னிடம் இருபத்தேழு இருந்தும், அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுகூட இருக்கவில்லை. கிணற்றடிக்குப் போய் நனைந்த தாள்களைப் பொறுக்கி வந்து, அவளுடைய பேனையை வாங்கி ஒன்பதாம் இலக்கத்தை வெட்டினேன்.

“வடிவா வெட்டுங்கோ. இன்னும் வாசிக்கக்கூடிய மாதிரிக் கிடக்கு,” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

வடிவாக வெட்டினேன். அவள் பேனையைத் திருப்பி வாங்கினாள். கொப்பியைப் பிரித்தாள். “உங்கடை பேர் என்ன?”

“வதனி.”

பதின்மூன்றாவதாக எழுதினாள். நிமிர்ந்து, கதவுக்குப் பின்னால் நான் கேட்ட அதே குரலில் கூப்பிட்டாள். “வதனி.”

நான் ஒரு வெறுங்கதிரையில் உட்கார்ந்து, “பிரசன்ட் ரீச்சர்,” என்றேன். தவமணியக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாவா அழுதாவா தெரியாது. மறுநாள் காலை இருவரும் வந்து பதிந்தார்கள். ஆரணியின் பையில் அந்தக் கொப்பியும் இருந்தது.

சில கிழமைகள் கழித்து அவளிடம் சொன்னேன். “‘அப்ப நாங்கள் எங்கை போறது’ எண்டு அந்த மூக்கடைச்ச குரலிலை கேட்டனீர் பாரும், உயிரே போட்டுது.”

“நான் ‘மறக்கேலாது’ எண்டு மட்டும்தான் சொன்னனான், ரீச்சர்,” என்றாள்.

இப்போது அவள் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறேன். அதே பதில், அதே முகம். பகிடியா இல்லையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

என் அறிவுரைத் தாள் இன்றும் பெற்றோருக்குப் போகிறது. ஒரு பக்கம்தான். எட்டுக்குப் பிறகு பத்து. அச்சுப்பிழை என்று சொல்லும் பெற்றோரிடம் ஓம் என்று சொல்லிவிடுவேன். வீட்டில் நான் யாருக்காவது புத்தி சொல்ல வாய் திறந்தால் போதும், சின்னண்ணை எழும்பிவிடுவார். “எத்தினையாம் நம்பர்? ஒன்பதெண்டால் நான் ஓடுறன். ஸ்கூட்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா.”

ஒவ்வொரு வருடமும் புது ஆறாம் வகுப்புக்கு முதல்நாள் இடாப்புக் கூப்பிடுவது நான்தான். கடைசிப் பெயர் முடிந்த பிறகும் இடாப்பை உடனே மூடமாட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்து நிற்பேன். பிள்ளைகள் ஏன் என்று கேட்டால், இன்னும் யாராவது இருக்கினமோ எண்டு பார்க்கிறன் என்று சொல்வேன்.