கர்னலின் நீரடைப்பு குறித்து அக்காவுக்கு

ஊவாங்காயோ மொத்தச் சந்தை,
தானியக்கடை வரிசை.

அன்பும் மதிப்பும் நிறைந்த எர்மெலிண்டா அக்காவுக்கு,

தம்பி சத்துர்னினோ எழுதுவது. லிமாவில் நீயும் உன் மகளும் புதுப் பேரனும் கடவுள் அருளால் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் வீட்டுக்காரி செனைடாவும் சுகம். உன் பூனை கர்னலும் பிழைத்துக்கொண்டான். பிழைத்தான் என்பதை முதலிலேயே எழுதிவிட்டதால், நடுவில் அழாமல் படிக்கவும்.

பஸ் ஏறும்போது நீ என்ன சொன்னாய்? "இவன் என் புள்ளை மாதிரிடா. இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றாய். எனக்கோ பூனை என்றால் ஆகாது. இருந்தாலும் அக்கா வேண்டுமே என்று வாங்கி வைத்துக்கொண்டேன். போன திங்கட்கிழமை காலை கர்னல் மண் பெட்டிக்குப் போனான், குந்தினான், எழுந்து வந்தான். உடனே மறுபடி போனான். கடைக்கு வந்து எல்லா மூட்டையிலும் கைவிட்டு அளைந்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிற வாடிக்கைக்காரர் உண்டே, அப்படி. பெட்டி காய்ந்து கிடந்தது. நான் மூட்டையைத் தட்டிப் பார்த்தே உள்ளே வண்டு இருக்கிறதா என்று சொல்கிறவன். அவன் வயிற்றையும் தட்டினேன். கல் மாதிரி இருந்தது. மலச்சிக்கல்தான் என்று தீர்ப்பெழுதி, வெதுவெதுப்பாக எண்ணெய் ஊற்றினேன். அவ்வளவையும் என் சட்டையில் துப்பிவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். மத்தியானம் சோறு தொடவில்லை. அடிப்பக்கத்தையே நக்கிக்கொண்டு, ஒரு மாதிரியான குரலில் முனகினான். அது பூனைக் குரலே இல்லை, அக்கா.

செனைடா, "ஏதோ பயந்திருக்கு. தியோபிலாம்மாவைக் கூப்பிடுங்க, கூய் தடவட்டும்" என்றாள். நானும் தலையாட்டினேன். அம்மாவின் ஈரலில்தான் கோளாறு என்று தியோபிலாம்மா கண்டுபிடித்தது உனக்கு நினைவிருக்கும். உயிருள்ள கருப்புக் கூயை, அதான் கினிப்பன்றியை, நோயாளியின் உடம்பெல்லாம் தடவி, பிறகு அதை அறுத்து, எந்த உறுப்பு கெட்டிருக்கிறதோ அங்கேதான் நோய் என்பாள். மனிதருக்குச் சரி. பூனைக்குக் கினிப்பன்றியைத் தடவலாமா என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை பார்! செனைடா முன்னங்காலையும் நான் பின்னங்காலையும் பிடித்துக்கொள்ள, தியோபிலாம்மா கூயைக் கர்னலின் தலையிலிருந்து இறக்கினாள். அது அவன் மூக்கில் ஒட்டிக் கீச்கீச்சென்று கத்தியது. கர்னல் மீசையைக்கூட அசைக்கவில்லை.

தியோபிலாம்மா கையை எடுத்துவிட்டாள். "ஏன்யா, வாய்க்குள்ள வந்து விழுற கறியையே திரும்பிப் பாக்காத பூனைக்கு நான் என்னத்த அறுத்துப் பாக்கறது? சாகக் கெடக்குது. தூக்கிட்டு ஓடுய்யா டாக்டர்கிட்ட!"

"சாயங்காலம் கடை சாத்திட்டு…" என்று இழுத்தேன்.

"சாயங்காலம் குழி தோண்டலாம்" என்றாள்.

கூடை இல்லை. செனைடாவின் முதுகுத் துணியில் கர்னலைச் சுற்றி, குழந்தையைக் கட்டுவதுபோல் முதுகில் கட்டிக்கொண்டு சந்தையின் நடுவே ஓடினேன். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். "அண்ணே, எப்ப பொறந்துச்சு? சொல்லவே இல்லையே!" "மீசை அப்படியே அப்பனுதுடோய்!" என்று ஒரே கூத்து. வேறு நாளாக இருந்தால் ஒவ்வொருவனுக்கும் பதில் கொடுத்திருப்பேன். அன்றைக்கு முதுகில் இருந்த கனம் அசையாமல் இருந்தது. உன் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

டாக்டர் நெலிடா வயிற்றை ஒருமுறை தொட்டார். "மலச்சிக்கல் இல்லை ஐயா, மூத்திரம் அடைச்சிருக்கு. பை வெடிக்கிற மாதிரி இருக்கு. ஆண் பூனைக்குக் குழாய் சின்னது, சட்டுனு அடைச்சிக்கும். நாளைக்குக் கொண்டு வந்திருந்தா நான் கையை விரிச்சிருப்பேன்."

"எண்ணெய் குடுத்தேன் டாக்டர்."

"அது நுரையீரலுக்குப் போயிருந்தா அதுலயே போயிருப்பான். துப்புனான் பாருங்க, உங்களைவிட அவனுக்கு விவரம்."

மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு நீரை எடுத்து, ஊசி வழியாக மருந்து ஏற்றி, அங்கேயே வைத்துக்கொண்டார். தினமும் போய்ப் பார்த்தேன். கணக்கோடு இருக்கிற மனுஷி என்பதால் எனக்குப் பிடித்துவிட்டது. எல்லா வியாதிக்கும் ஓடி வரணுமா என்று கேட்டேன். "எப்பவாவது முடி உருண்டையைக் கக்கிட்டு விளையாடுனா விடுங்க. சொறிஞ்சா உண்ணி இருக்கான்னு பாத்து, மெதுவா வாங்க. ஆனா திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தா, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலைன்னா அன்னைக்கே வாங்க. வாயைத் திறந்து மூச்சு வாங்குனா, பெட்டிக்குப் போயிப் போயி சும்மா வந்தா, கடையைத் திறந்து போட்டுட்டு வாங்க" என்றார். கடையைத் திறந்து போட்டுவிட்டு! வியாபாரியிடம் இதைவிட உறைக்கிற மாதிரி யாரும் சொல்ல முடியாது. இனி அவனுக்குக் காய்ந்த தீனியைக் குறைத்து ஈர உணவாகக் கொடுக்க வேண்டும். பல இடத்தில் தண்ணீர் வைக்க வேண்டும். இது மறுபடியும் வரக்கூடியது என்பதை மறக்காதே.

இன்று காலை கடையின் பின்கட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அங்கே நன்றாக மூத்திரம் போனானாம். இங்கே வந்தபின் இன்னும் போகவில்லை. செனைடா பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நிற்க. என் முடிவைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து உன் பிள்ளையை எடுத்துக்கொண்டு போ. நான் தானிய வியாபாரி, தாதி இல்லை. அவன் கடைக்குள் கால் வைக்கவே கூடாது. இதில் மாற்றமில்லை.

பேரனுக்கு என் ஆசீர்வாதமும் முத்தமும். கர்த்தர் உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

உன் தம்பி,
சத்துர்னினோ யவுரி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் கர்னல் செனைடாவையும் பின்னால் இழுத்துக்கொண்டு கடைக்குள் வந்து, இருப்பதிலேயே விலை உயர்ந்த கீன்வாத் தானிய மூட்டையின் மேல் ஏறி, எங்கள் கண்ணெதிரே, தாராளமாக, நீளமாகப் போனான். "போறான்ங்க! போறான்!" என்று செனைடா கத்த, நான் கை தட்டினேன். விலை கேட்டுக்கொண்டிருந்த அம்மாள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டாள். போகட்டும். அக்கா, ஞாயிற்றுக்கிழமை வராதே. குழந்தையை நன்றாகப் பார்த்துக்கொண்டு சாவகாசமாக வா. அந்த மூட்டையை அவனுக்கே விட்டுவிட்டேன்.